ரஷ்ய மொழி ஆய்வு: மேற்கோள் எண்ணிக்கை எதைக் காட்டுகிறது, எதை விட்டுவிடுகிறது?

அளவுகோல்

அனைவருக்கும் வணக்கம். நூலக, தகவல் அறிவியல் துறையில் முனைவர் பட்டத்துக்காக நூலளவியல் ஆய்வு, அதாவது கட்டுரைகளையும் மேற்கோள்களையும் எண்ணிப் பார்க்கும் ஆய்வு, செய்து வருகிறேன். ஒரு மொழியைப் பற்றிய ஆய்வுலகம் எப்படி வளர்கிறது, அதில் யாருடைய எழுத்து அதிகம் எடுத்தாளப்படுகிறது என்பதைப் பார்க்க ரஷ்ய மொழியைத் தேர்ந்தெடுத்தேன். ஆங்கிலத்தைப் போல எல்லையில்லாமல் விரியாமலும், அதே சமயம் தனக்கென நீண்ட மரபும் பல இதழ்களும் கொண்டதாகவும் இருப்பதால் கைக்கு அடங்கும் என்று நினைத்தேன்.

ஆய்வுக் கட்டுரைகளையும் அவற்றின் மேற்கோள்களையும் பதிவுசெய்யும் ஸ்கோபஸ் தரவுத்தளத்தில் தேடியபோது இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன. 2013-ஐ ஒட்டி, ரஷ்யாவிலிருந்து வரும் கட்டுரைகளின் எண்ணிக்கை கிடுகிடுவென ஏறுகிறது. அடுத்தது, அதிக மேற்கோள் பெற்ற கட்டுரைகளை மேலிருந்து வரிசைப்படுத்தினால் முன்னணியில் நிற்பவர்களில் பலர் ரஷ்ய மொழித் துறையினரே அல்லர். உளவியலாளர்களும் கணினி அறிவியலாளர்களும் அங்கே இருக்கிறார்கள். "ரஷ்ய மொழி ஆய்வு 2013-க்குப் பின் மறுமலர்ச்சி கண்டது, அதன் மையம் மொழியியலை விட்டு நகர்ந்துவிட்டது" என்று இதிலிருந்து முடிவு கட்டலாமா? இத்துறையை உள்ளிருந்து அறிந்தவர்கள் கருத்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

வடதிசை

மறுமலர்ச்சி என்று எழுதுவதற்கு முன் ஓர் ஆணையைப் படித்துவிடுங்கள். 2012 மே 7 அன்று ரஷ்ய அதிபர் கையெழுத்திட்ட 599-ஆம் எண் ஆணை, ஸ்கோபஸைப் போன்ற மற்றொரு தரவுத்தளமான வெப் ஆஃப் சயின்ஸில் பதிவாகும் உலகக் கட்டுரைகளில் ரஷ்யாவின் பங்கு 2015-க்குள் 2.44 சதவீதமாக வேண்டும் என்று இலக்கு வைத்தது. அடுத்த ஆண்டே '5-100' திட்டம் வந்தது; 2020-க்குள் குறைந்தது ஐந்து ரஷ்யப் பல்கலைக்கழகங்களை உலகத் தரவரிசையின் முதல் நூறு இடங்களுக்குள் கொண்டுவருவது அதன் நோக்கம். இவை இரண்டும் சேர்ந்து, அதுவரை ரஷ்ய மொழியில் ரஷ்யர்களுக்காக எழுதிக்கொண்டிருந்த மொழியியலாளர்களைக்கூட ஸ்கோபஸை நோக்கித் திருப்பிவிட்டன. பல்கலைக்கழக இதழ்கள் ஆங்கிலத் தலைப்பும் ஆங்கிலச் சுருக்கமும் சேர்த்துக்கொண்டு, சில இதழ்கள் பெயரையே மாற்றிக்கொண்டு, பன்னாட்டுத் தரவுத்தளங்களுக்குள் நுழைந்தன. முன்பே எழுதப்பட்டுக்கொண்டிருந்த கட்டுரைகள் புதிதாக எண்ணிக்கைக்குள் வந்தன என்பதும் உங்கள் வரைபடத்தில் கோடு ஏறியதற்கு ஒரு பெரிய காரணம். உண்மையான வளர்ச்சி எவ்வளவு, கணக்கில் சேர்ந்ததால் தோன்றும் வளர்ச்சி எவ்வளவு என்று பிரித்துக் காட்டாமல் அந்த வரைபடத்தை ஆய்வேட்டில் வைப்பது ஆபத்து.

எதிர்த்திசையில் 2022-ஐயும் பாருங்கள். மார்ச் மாதத்தில் வெப் ஆஃப் சயின்ஸை நடத்தும் கிளாரிவேட் நிறுவனம் ரஷ்யாவில் தன் வணிகத்தை நிறுத்தியது. அதே மாதத்தில் ரஷ்ய அரசும் வெப் ஆஃப் சயின்ஸ், ஸ்கோபஸ் கட்டுரை எண்ணிக்கையை ஆய்வாளர்களிடம் கேட்கும் நிபந்தனையை நிறுத்திவைத்தது. பிறகு உள்நாட்டிலேயே 'வெள்ளைப் பட்டியல்' என்ற பெயரில் இதழ்ப் பட்டியல் ஒன்று உருவானது. நாளைக்கு உங்கள் கோடு இறங்கினால் அதை "ரஷ்ய மொழி மீதான ஆர்வம் குறைந்தது" என்று எழுதுவதும் இதே தவறாகத்தான் முடியும்.

மேலிடத்து ஆணையால் இத்துறையின் போக்கு திரும்புவது புதிதும் அல்ல. 1950 ஜூன் 20 அன்று பிராவ்தா நாளிதழில், அதுவரை கோலோச்சிய மொழியியலாளர் நிக்கோலாய் மாரின் கொள்கையை மறுத்து ஸ்டாலின் எழுதிய கட்டுரை, சோவியத் மொழியியலை ஒரே நாளில் வேறு பாதைக்குத் தள்ளியது. இன்றைக்கும் ரஷ்யாவின் தலைமை மொழியியல் இதழாக மதிக்கப்படும் 'வப்ரோசி யசிகஸ்நானியா' 1952-இல் தொடங்கியது அந்தத் திருப்பத்துக்குப் பிறகுதான்.

நூலகவாசி

வடதிசை சொன்னது கொள்கைப் பக்கம். தரவுப் பக்கம் இதைவிடச் சிக்கலானது. நான் பணியிலிருக்கும் நூலகத்தில் ஸ்லாவிய நூல்களுக்கு அட்டவணை தயாரிப்பவன் என்பதால் இதைச் சொல்கிறேன்.

சிரில்லிக் எழுத்தில் உள்ள ஒரு பெயரை ரோமன் எழுத்துக்கு மாற்றும்போது நூலகங்களுக்கு ஒரு முறை, மொழியியல் இதழ்களுக்கு இன்னொரு முறை, கடவுச்சீட்டுக்கு வேறொரு முறை. அதே ஆசிரியர் மூன்று நான்கு எழுத்துக்கோவைகளில் பதிவாகி, அவருடைய மேற்கோள்கள் சிதறிக் கிடக்கும். வடதிசை குறிப்பிட்ட 'வப்ரோசி யசிகஸ்நானியா' இதழின் பெயரே, மேற்கோள் பட்டியல்களில் இரண்டு மூன்று ஒலிபெயர்ப்புகளிலும் ஆங்கில மொழிபெயர்ப்பிலும் காணக்கிடைக்கிறது. இயந்திரம் இவற்றைத் தனித்தனி இதழ்களாக எண்ணினால் வியப்படைய வேண்டாம்.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. 'ஏ. ஏ. சலிஸ்னியாக்' என்ற பெயரைத் தேடிப் பாருங்கள். ஆந்திரேய் அனத்தோலியெவிச் சலிஸ்னியாக் ரஷ்ய இலக்கணத்திலும், நோவ்கரோத் நகர அகழாய்வில் கிடைத்த பழைய மரப்பட்டைக் கடிதங்களிலும் பெயர் பெற்றவர். 2017 டிசம்பரில் காலமானார். அவருடைய மகள் அன்னா அந்திரேயெவ்னா சலிஸ்னியாக் சொற்பொருளியலில் பெயர் பெற்றவர். ரஷ்ய வழக்கப்படி இருவருக்கும் முன்னெழுத்து ஒன்றேதான். குழப்பம் வரக்கூடாது என்பதற்காகவே மகள் தம் முதற்பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்திடுவார். ஆனால் அவரை மேற்கோள் காட்டுபவர்கள் எல்லோரும் அந்த அக்கறையைக் காட்டுவதில்லை. தந்தையின் எச்-குறியெண் (ஒருவர் பெற்ற மேற்கோள்களைக் கொண்டு கணிக்கும் அளவு) என்று நீங்கள் ஒரு எண்ணைப் போட்டால், அதில் மகளின் உழைப்பு எவ்வளவு கலந்திருக்கிறது என்று கையால் சரிபார்த்தாக வேண்டும்.

ஆய்வேடுகளின் எண்ணிக்கையைப் பார்க்கப்போகிறீர்கள் என்றால் இன்னொரு எச்சரிக்கை. ரஷ்யாவில் முனைவர் ஆய்வேடுகளுக்குத் துறைக் குறியெண் உண்டு. பல்லாண்டுகளாக 'ரஷ்ய மொழி' என்பது 10.02.01 என்ற தனிக் குறியெண்ணில் இருந்தது. ரஷ்யக் கூட்டமைப்பின் பிற மொழிகளுக்கு 10.02.02. 2021-இல் பட்டியலை மாற்றியபோது இரண்டையும் சேர்த்து 5.9.5 ஆக்கிவிட்டார்கள். எனவே அந்த ஆண்டுக்கு முன்னும் பின்னும் உள்ள எண்களை அப்படியே ஒப்பிட முடியாது. தாத்தார் மொழி ஆய்வேடும் ரஷ்ய மொழி ஆய்வேடும் இப்போது ஒரே பெட்டியில் கிடக்கின்றன.

சொற்கடல்

என் துறை கணினி மொழியியல். இந்த இழையின் மையக் கேள்விக்கு என் பக்கத்திலிருந்து ஓர் உதாரணம் தருகிறேன்.

மேலே சொன்ன ஆந்திரேய் சலிஸ்னியாக் 1977-இல் ரஷ்ய மொழியின் இலக்கண அகராதியை வெளியிட்டார். சுமார் 1,00,000 சொற்கள்; ஒவ்வொன்றும் எந்த வாய்பாட்டின்படி வேற்றுமை ஏற்கும் அல்லது வினை திரியும், அழுத்தம் எங்கே விழும், எங்கே இடம் மாறும் என்பதைச் சில எண்களும் எழுத்துகளும் கொண்ட குறியீட்டால் சொல்லிவிடுவார். சொற்கள் முதலெழுத்தால் அல்லாமல் கடைசி எழுத்திலிருந்து வரிசைப்படுத்தப்பட்டிருக்கும். ஒரே ஈறு கொண்ட சொற்கள் அடுத்தடுத்து வருவதால், திரிபில் உள்ள ஒழுங்கும் விதிவிலக்கும் பக்கத்தைப் புரட்டும்போதே தெரியும். இதைத் தனி ஒருவராக, கணினி இல்லாமல் செய்தார்.

பின்னாளில் ரஷ்ய மொழிக்கு எழுதப்பட்ட, சொல் திரிபைப் பகுக்கும் உருபனியல் மென்பொருள்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு வகையில் இந்த அகராதியின் மேல் எழுந்தவையே. ரஷ்யாவின் யாண்டெக்ஸ் தேடுபொறியின் 'மைஸ்டெம்' பகுப்பி பற்றி இல்யா செகலோவிச் 2003-இல் ஒரு கட்டுரை எழுதினார். அகராதியில் இல்லாத புதுச்சொல் வந்தால் அதன் ஈற்றைப் பார்த்து வாய்பாட்டை ஊகிக்கும் வழியை அது விளக்குகிறது. அந்தக் கட்டுரை மேற்கோள்களைப் பெறுகிறது. அதற்கு அடியில் கிடக்கும் 1977-ஆம் ஆண்டு அகராதி பல இடங்களில் பெயர்கூடச் சொல்லப்படாமல் போகிறது. யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. எல்லோரும் நின்றுகொண்டிருக்கும் தரையை யாரும் அடிக்குறிப்பில் எழுதுவதில்லை, அவ்வளவுதான்.

ரஷ்ய நூல்களையும் பேச்சையும் தேடிப் பார்க்கும்படி சேர்த்து வைத்த ரஷ்ய மொழித் தேசியத் தரவகமும் அப்படித்தான். 2004 ஏப்ரலில் இணையத்தில் திறக்கப்பட்டது. இன்று அதன் எல்லாப் பகுதிகளும் சேர்ந்து 200 கோடி சொற்களைத் தாண்டுகின்றன. செய்யுள், வட்டார வழக்கு, பேச்சுமொழி, இணைமொழிபெயர்ப்பு, அழுத்த வரலாறு என்று தனித்தனித் தொகுப்புகள் உள்ளன. இலக்கணக் குழப்பங்களைக் கையால் தீர்த்த ஒரு பகுதி சுமார் 60 லட்சம் சொற்கள் கொண்டது. இன்று ரஷ்ய இலக்கணம் பற்றி எழுதும் எவரும் இதைத் தொடாமல் எழுதுவது அரிது. ஆனால் எடுத்துக்காட்டு வாக்கியத்தின் பின்னே அடைப்புக்குறிக்குள் தரவகத்தின் சுருக்கப் பெயரை மட்டும் போட்டுவிடுவார்கள். அது மேற்கோள் பட்டியலில் ஏறாது. ஏறாததை ஸ்கோபஸ் எண்ணாது.

அளவுகோல்

மிக்க நன்றி. சொற்கடல் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன்; ஆனால் ஒரு மறுப்பு. கருவி வேறு, ஆய்வு வேறு அல்லவா? தொலைநோக்கியை உருவாக்கியவரை வானியல் ஆய்வாளர் என்று கணக்கில் சேர்ப்பதில்லையே. கருத்துகளின் தாக்கத்தைத்தான் நான் அளக்க விரும்புகிறேன்.

சொற்கடல்

அந்தப் பிரிவினை இங்கே நிற்காது என்பதே என் வாதம். சலிஸ்னியாக் 1967-இல் ரஷ்யப் பெயர்ச்சொல் திரிபைப் பற்றி எழுதிய கோட்பாட்டு நூல்தான் அகராதியின் முதுகெலும்பு; வேற்றுமை என்றால் என்ன, பால் என்றால் என்ன என்று முறைப்படி வரையறுத்த பிறகே வாய்பாடுகளை வகுத்தார். இன்னொரு சங்கிலியையும் பாருங்கள். 1960-களில் மெல்ச்சுக், ஷல்கோவ்ஸ்கி ஆகியோர் மாஸ்கோவில், பொருள் எப்படி வாக்கியமாகிறது என்பதை விளக்கும் 'பொருள்-பனுவல்' கோட்பாட்டைத் தொடங்கினார்கள். மெல்ச்சுக் 1977-இல் நாட்டைவிட்டு வெளியேறி மொன்ரியாலில் குடியேறினார். மாஸ்கோவில் அப்ரெசியனும் அவருடைய குழுவினரும் அக்கோட்பாட்டை இயந்திர மொழிபெயர்ப்புக்குப் பயன்படுத்தினார்கள். அதே குழு, வாக்கியத்தில் எந்தச் சொல் எதைச் சார்ந்திருக்கிறது என்று குறித்த 'சின்டாக்ரஸ்' தொகுப்பை உருவாக்கியது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் கொண்ட அத்தொகுப்பு பின்னர் உலக மொழிகளுக்கான 'யுனிவர்சல் டிப்பென்டென்சீஸ்' திட்டத்தின் வடிவத்துக்கு மாற்றப்பட்டது. இன்று ரஷ்ய வாக்கியத்தைப் பிரிக்கும் மென்பொருளைப் பயிற்றுவிக்கும் ஒரு மாணவர், மெல்ச்சுக் பெயரையே கேள்விப்படாமல் அந்தக் கோட்பாட்டின் விளைவைப் பயன்படுத்துகிறார். இது கருத்தின் தாக்கமா, கருவியின் தாக்கமா?

மனமொழி

உளவியலாளர்கள் ஏன் பட்டியலின் உச்சியில் நிற்கிறார்கள் என்ற கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். அது என் துறை.

2007-இல் அமெரிக்க அறிவியல் கழகத்தின் நடவடிக்கை இதழில் வினாவரும் மற்றவர்களும் எழுதிய கட்டுரை உங்கள் பட்டியலில் நிச்சயம் இருக்கும். ரஷ்யத்தில் வெளிர் நீலத்துக்கும் அடர் நீலத்துக்கும் வெவ்வேறு அடிப்படைப் பெயர்கள் உண்டு. மூன்று நீலச் சதுரங்களைக் காட்டி, கீழே உள்ள இரண்டில் எது மேலே உள்ளதைப் போன்றது என்று கேட்டார்கள். இரண்டு சதுரங்களும் அந்தப் பெயர் எல்லையின் இருபுறமும் விழுந்தபோது ரஷ்யம் பேசுபவர்கள் விரைவாகப் பதில் சொன்னார்கள். ஆங்கிலம் பேசுபவர்களிடம் அந்த வேறுபாடு இல்லை. அதே நேரத்தில் எண்களை மனத்துக்குள் சொல்லிக்கொண்டிருக்கும்படி செய்தபோது ரஷ்யர்களின் அந்தச் சாதகமும் மறைந்துவிட்டது. மொழி சிந்தனையைப் பாதிக்கிறதா என்ற பெரிய விவாதத்தில் ஈடுபடும் எவரும் இதைக் காட்டாமல் எழுதுவதில்லை.

1999-இல் ஸ்பைவியும் மரியனும் செய்த சோதனை இன்னும் நேர்த்தியானது. ரஷ்யமும் ஆங்கிலமும் தெரிந்தவர்களிடம் அஞ்சல்தலையை நகர்த்தி வைக்கும்படி ரஷ்யத்தில் சொன்னார்கள். அஞ்சல்தலைக்கு ரஷ்யத்தில் 'மார்க்கா'. மேசையில் மார்க்கர் பேனா ஒன்றும் கிடந்தது. கண்ணசைவைப் பதிவுசெய்த கருவி, பலருடைய கண் ஒரு கணம் அந்தப் பேனாவின் பக்கம் போய்த் திரும்பியதைக் காட்டியது. ஒரு மொழியில் கேட்கும்போதும் மற்ற மொழி மூளையில் அணைந்துவிடுவதில்லை என்பதற்கு இது சான்றாயிற்று.

இவை இரண்டுமே ரஷ்ய மொழியைப் பற்றிய ஆய்வுகள் அல்ல. ரஷ்ய மொழியைக் கொண்டு மனத்தைப் பற்றிச் செய்த ஆய்வுகள். தலைப்பிலோ திறவுச்சொல்லிலோ 'ரஷ்யம்' என்று இருப்பதால் உங்கள் தேடலில் சிக்கியிருக்கின்றன. இதற்கு மூத்த உதாரணம் 1913 ஜனவரியில் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்தில் கணிதவியலாளர் மார்க்கோவ் ஆற்றிய உரை. புஷ்கினின் 'யெவ்கேனி அனேகின்' செய்யுள் புதினத்தின் தொடக்கத்திலிருந்து 20,000 எழுத்துகளை எடுத்து, உயிரெழுத்துகள் 8,638, மெய்யெழுத்துகள் 11,362 என்று எண்ணி, உயிருக்குப் பின் உயிர் வரும் வாய்ப்பையும் மெய்க்குப் பின் உயிர் வரும் வாய்ப்பையும் தனித்தனியே கணித்தார். மார்க்கோவ் சங்கிலியை இன்று பயன்படுத்தாத அறிவியல் துறையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதை ரஷ்ய மொழி ஆய்வின் தாக்கம் என்று எண்ணுவீர்களா?

வடதிசை

நல்ல கேள்வி. எண்ண மாட்டேன், ஆனால் ஒரு அத்தியாயத்தின் முதல் பத்தியில் கட்டாயம் எழுதுவேன்.

எண்ணிக்கை இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். ரஷ்யாவின் உள்நாட்டு மேற்கோள் குறியீட்டில் பார்த்தால், மொழியின் வழியே பண்பாட்டைத் தேடும் 'மொழிப் பண்பாட்டியல்' என்ற பிரிவு பெருவெள்ளமாகத் தெரியும். கரவுலோவ் 1987-இல் 'மொழி ஆளுமை' பற்றி எழுதினார். ஸ்தெபானோவ் 1997-இல் ரஷ்யப் பண்பாட்டின் நிலைக்கூறுகளுக்கு, அதாவது அதில் நிலைத்து நிற்கும் கருத்துகளுக்கு, அகராதி தந்தார். வியெர்ஸ்பிட்ஸ்கா 1992-இல் ஆன்மா, விதி, ஏக்கம் ஆகிய சொற்களைக் கொண்டு ரஷ்ய மனப்பாங்கை விளக்க முயன்றார். இவர்கள் மூவரும் தனித்தன்மை உடையவர்கள். அவர்களைப் பின்பற்றி வந்த ஆய்வேடுகளில் பெரும்பகுதி 'ரஷ்ய மொழி காட்டும் உலகில் இன்ன கருத்து' என்ற ஒரே அச்சில் வார்த்தவை; வீடு, பாதை, நட்பு என்று சொல் மட்டும் மாறும். பழமொழிகளை அடுக்கி, அகராதிப் பொருளைச் சேர்த்து, முடிவில் ரஷ்யரின் உள்ளம் இப்படிப்பட்டது என்று அறிவித்துவிடுவார்கள். ஒருவரையொருவர் மேற்கோள் காட்டிக்கொள்வதால் எண் ஏறுகிறது. வெளியிலிருந்து இதற்குக் கடுமையான மறுப்பும் வந்திருக்கிறது; இனத்துக்கென்று ஒரு மனம் உண்டு என்பதை முன்கூட்டியே நம்பிவிட்டு மொழியில் அதைத் தேடுகிறார்கள் என்பதே குற்றச்சாட்டு.

கல்மரம்

வடதிசையின் தீர்ப்பு சற்றுக் கடுமை. கரவுலோவ் வெறும் கருத்துரையாளர் அல்லர். அவருடைய குழு 1990-களில் வெளியிட்ட ரஷ்யத் தொடர்புச்சொல் அகராதி, ஆயிரக்கணக்கான மாணவர்களிடம் ஒரு சொல்லைக் கொடுத்து உடனே மனத்தில் தோன்றுவதை எழுதச் சொல்லிச் சேர்த்த தரவு. பண்பாட்டியலை ஏற்காத உளமொழியியலாளர்களும் அதை இன்று பயன்படுத்துகிறார்கள். ஒரு பள்ளியின் பலவீனமான ஆய்வேடுகளை வைத்து அதன் தரவுப் பணியையும் தள்ளிவிடக் கூடாது.

வடதிசை

அந்த அகராதியின் மதிப்பை நான் மறுக்கவில்லை. நான் சொன்னது ஆய்வேட்டுத் தொழிற்சாலையைப் பற்றி. ரஷ்ய அறிவியல் குறியீடான ரின்ட்ஸ் 2005-இல் தொடங்கப்பட்டது. 2017-இல் அதிலிருந்து 300-க்கும் மேற்பட்ட இதழ்களை நீக்க வேண்டியதாயிற்று. ரஷ்ய அறிவியல் கழகத்தின் குழு கேட்டுக்கொண்டதன் பேரில் 2020-இன் தொடக்கத்துக்குள் ரஷ்ய இதழ்கள் 800-க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றன. எல்லாத் துறைகளுக்கும் பொதுவான நோய் இது. ஆனால் எண்ணை மட்டும் நம்புபவருக்கு இது தெரியாது.

போக்கு என்று நான் உண்மையில் நம்புவது வேறிடத்தில் இருக்கிறது. லாரா ஜாண்டா 2013-இல், 'காக்னிட்டிவ் லிங்விஸ்டிக்ஸ்' இதழில் 2008 முதல் எண்ணளவு முறையைக் கையாளும் கட்டுரைகள் பாதியைத் தாண்டிவிட்டதாகக் காட்டினார். அவர் ரஷ்ய வினையை ஆராய்பவர். நார்வேயின் டிரோம்சோவில் அவருடைய குழு, ரஷ்ய வினைமுன்னொட்டுகளில் சில வெறுமனே 'செயல் முடிந்தது' என்பதை மட்டும் காட்டும் பொருளற்றவை என்ற பழைய கருத்தைத் தரவகத்தைக் கொண்டு சோதித்தது. ஒவ்வொரு முன்னொட்டும் தனக்கென ஒரு பொருள் வட்டத்தைச் சேர்ந்த வினைகளையே தேர்ந்துகொள்கிறது என்பது அவர்கள் வந்தடைந்த முடிவு. ஏற்பவர்களும் உண்டு, மறுப்பவர்களும் உண்டு. தரவையும் கணக்கீட்டு நிரலையும் எவரும் சரிபார்க்கும்படி திறந்த களஞ்சியத்தில் வைக்கும் பழக்கத்தையும் அங்கிருந்தவர்கள் வளர்த்தார்கள்.

நூலகவாசி

இதழ்க் கட்டுரையே அலகு என்று வைத்துக்கொண்டால் மரப்பட்டைக் கடிதங்களின் கதையும் நழுவிவிடும். நோவ்கரோத் அகழாய்வில் முதற்கடிதம் 1951 ஜூலை 26 அன்று கிடைத்தது. பிர்ச் மரப்பட்டையில் கீறி எழுதிய அக்கடிதங்களில் எழுத்துப்பிழைகள் மலிந்திருப்பதாகவே ஆரம்ப காலப் பதிப்பாளர்கள் பலரும் எண்ணினார்கள். ஆந்திரேய் சலிஸ்னியாக் 1980-களில் அவற்றை மொத்தமாக எடுத்துப் பார்த்து, சில உயிரெழுத்துகளை ஒன்றுக்கொன்று மாற்றி எழுதுவது அன்றைய அன்றாட எழுத்துமுறை என்று காட்டினார். அதை விலக்கிப் படித்தால், மற்ற ஸ்லாவிய மொழிகள் எல்லாவற்றிலும் நடந்த ஒரு மெய்யொலி மாற்றம் அந்த வட்டார வழக்கில் நடக்கவே இல்லை என்பது தெரிந்தது. ரஷ்ய மொழியின் பிறப்பு வரலாற்றையே இது திருத்தியது. அவர் இதை எழுதியது அகழாய்வுப் பதிப்புத் தொகுதிகளிலும் 1995-இல் வந்த பெருநூலிலும். ஆண்டுதோறும் கோடையில் கிடைத்த கடிதங்களை இலையுதிர் காலத்தில் மாஸ்கோ பல்கலைக்கழக அரங்கில் பொதுமக்களுக்கும் சேர்த்து விளக்குவார். இடம் இல்லாமல் மக்கள் படிகளில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். அந்த அரங்கில் உருவான மாணவர்களை எந்தக் குறியெண்ணில் சேர்ப்பது?

கல்மரம்

ரஷ்யாவுக்கு வெளியே பேசப்படும் ரஷ்யத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அலாஸ்காவின் நினில்சிக் கிராமத்தில் ரஷ்ய-அமெரிக்க நிறுவனத்தின் காலத்தில் குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள் பேசிய ரஷ்யம், 1867-இல் அலாஸ்கா விற்கப்பட்ட பின் தாய்நிலத்தோடு தொடர்பற்றுப்போய், பால் பாகுபாடு மங்கிய தனி வழக்காக வளர்ந்தது. கிப்ரிக், பெர்கெல்சன் இருவரும் 1997 முதல் முதியவர்களிடமிருந்து அதைப் பதிவுசெய்தார்கள். கசக்ஸ்தான், இஸ்ரேல், பால்டிக் நாடுகள் ஆகியவற்றின் ரஷ்யத்துக்குத் தனித் தரம் உண்டா, அல்லது மாஸ்கோதான் ஒரே மையமா என்பது 2022-க்கு முன்பே தொடங்கிய விவாதம். அமெரிக்காவின் ஸ்லாவிய ஆய்வுக் கழகம் 2023 மாநாட்டின் பொருளாகவே காலனிய நீக்கத்தை வைத்தது. இது அரசியல் அலையா, ஆய்வுப் போக்கா என்று சொல்ல இன்னும் சில ஆண்டுகள் தேவை. ஆனால் மாஸ்கோ, பீட்டர்ஸ்பர்க் வழக்கையே 'ரஷ்ய மொழி' என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் தளர்கிறது.

அளவுகோல்

எல்லோருக்கும் நன்றி. தலைப்பைச் சுருக்கிக்கொள்கிறேன். 'ரஷ்ய மொழி ஆய்வின் வளர்ச்சி' என்பதை விட்டுவிட்டு, இலக்கண அகராதி, தேசியத் தரவகம், சின்டாக்ரஸ் ஆகிய மூன்றும் கட்டுரைகளின் உடற்பகுதியில் எங்கெல்லாம் பெயர் சுட்டப்படுகின்றன, அவற்றில் எத்தனை முறை மேற்கோள் பட்டியலிலும் ஏறுகின்றன என்று ஒப்பிடலாம் என்று நினைக்கிறேன். முழுப் பாடம் கிடைக்கும் இதழ்களை மட்டும் எடுத்தால் போதுமா?

நூலகவாசி

போதும், ஆனால் ரஷ்ய மொழி இதழ் ஒன்று, வெளிநாட்டு இதழ் ஒன்று என்று சேர்த்தே எடுங்கள். முதலாவதற்கு 'வப்ரோசி யசிகஸ்நானியா', இரண்டாவதற்கு 1974 முதல் வரும் 'ரஷ்யன் லிங்விஸ்டிக்ஸ்' பொருந்தும். தரவகத்தின் சுருக்கப் பெயரைச் சிரில்லிக்கிலும், ரோமன் எழுத்திலும், ஆங்கிலச் சுருக்கமாகவும், இணைய முகவரியாகவும் தேட வேண்டும். அகராதிக்கு 1977 பதிப்போடு பிந்தைய பதிப்புகளின் ஆண்டுகளையும் சேருங்கள்; இல்லையென்றால் அதே நூல் உங்கள் அட்டவணையில் மூன்று நூல்களாக நிற்கும்.

சொற்கடல்

சின்டாக்ரஸுக்கு மட்டும் கணினி மொழியியல் மாநாட்டுக் கட்டுரைகளைப் பாருங்கள். மொழியியல் இதழ்களில் அது அவ்வளவாக வராது. மாஸ்கோவில் ஆண்டுதோறும் நடக்கும் 'தியாலோக்' மாநாட்டின் தொகுதிகள் இணையத்தில் முழுமையாகக் கிடைக்கின்றன. அங்கிருந்து தொடங்கினால் முதல் வாரத்திலேயே உங்கள் கருதுகோள் நிற்குமா என்று தெரிந்துவிடும்.